ஐஸ்பெட்டியில் கற்பூரவல்லி

சாயல்குடி
27-10-2024

அன்பு ராணிக்கு,

காளிதாஸ் எழுதுவது. நானும் ஆடுகளும் சுகம். உன் கையால் இரண்டு வரி வந்தால் இன்னும் கொஞ்சம் சுகமாக இருப்போம்.

போனைக் காதில் வைத்தால் தலைக்குள் இரைச்சல் கேட்கிறது, திரையைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்று நீ சொன்ன நாளிலிருந்து உன்னைக் கூப்பிடவே பயமாக இருக்கிறது. அதனால்தான் கடிதம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் பேனா பிடித்து இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் டீச்சரம்மா சிவப்பு மையில் சுழித்து அனுப்பலாம்.

பாம்பனுக்குக் கருவாடு ஏற்றப் போகும் ஹமீது சுல்தானின் வேனில் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்திருக்கிறேன். உள்ளே கற்பூரவல்லிக் குச்சிகள், ஈரச்சாக்கில் சுற்றிய புதினா, திருநீற்றுப்பச்சிலை விதை, மருக்கொழுந்து நாற்று எல்லாம் இருக்கின்றன. மதுரை டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அடிபட்ட வாசனை நரம்பு சிலருக்குத் திரும்பத் துளிர்க்கும், சிலருக்குத் துளிர்க்காது, மணமுள்ள நாலு பொருளைக் காலையும் மாலையும் முகர்ந்து பழக்குங்கள் என்றார். கடையில் வாங்கும் தைலத்தை விட வீட்டில் நின்று வளரும் இலை மேல் என்று எனக்குத் தோன்றியது. கற்பூரவல்லியைச் சும்மா மண்ணில் செருகு, அது பாட்டுக்குப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் அதிகம் ஊற்றாதே.

தலையில் தையல் பிரித்த கையோடு மாறுதல் வாங்கிக்கொண்டு தங்கச்சிமடம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். நான் தடுக்கவில்லை. தடுக்க எந்த முகத்தை வைத்துக்கொள்வது? அன்றைக்கு வண்டி எடுக்கும்போது, போலீஸ் நிற்பார்கள் என்று வீட்டில் இருந்த ஒரே ஹெல்மெட்டை நான் மாட்டிக்கொண்டேன், உன்னை வெறுந்தலையோடு பின்னால் உட்காரவைத்தேன். நாய் குறுக்கே வந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, உனக்கு இப்படி. படுத்தால் இதுதான் கண்ணில் நிற்கிறது.

“மூக்கு சரியாகட்டும், அப்புறம் வாரேன்” என்று பஸ் ஏறும்போது சொன்னாய். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வருகிற கோடையில் மாறுதல் கலந்தாய்வு வரும். அதற்குள் சரியாகிவிடும். மனு போட்டு நம் ஊர்ப் பக்கமே வந்துவிடு.

உன்,
காளிதாஸ்

தங்கச்சிமடம்
15-11-2024

அன்புள்ள மாமாவுக்கு,

யுவராணி எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழைகள் நாலு. திருத்தவில்லை, பிழைத்துப் போங்கள்.

பெட்டி வந்து சேர்ந்தது. கருவாட்டு மூட்டை மேல் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறது. கீழ்வீட்டு இமானுவேல் அண்ணனின் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். “என்ன டீச்சர், மருக்கொழுந்த மாசிக் கருவாட்டுல முக்கி அனுப்பியிருக்காரு ஒங்க வீட்டுக்காரரு?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு இரண்டு வாடையும் இல்லை. இந்த ஊரில் குடியிருக்க என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

இங்கே தொட்டியும் கிடையாது, மண்ணும் கிடையாது. எங்கே தோண்டினாலும் கடற்கரை மணல்தான். இமானுவேல் அண்ணன் படகில் மீனுக்கு ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டிகளில் விளிம்பு உடைந்ததைத் தூக்கிப் போடுவார். அதில் இரண்டைக் கேட்டு வாங்கினேன். உப்புப் போகப் பலமுறை கழுவினேன். கம்பியைக் காய்ச்சி அடியில் துளை போட்டு, தென்னைநார்த் தூளும் ஆட்டுப் புழுக்கையும் மணலும் கலந்து நிரப்பினேன். ஒன்றில் கற்பூரவல்லி, இன்னொன்றில் மருக்கொழுந்தும் பச்சிலை விதையும். புதினாவுக்கு இளநீர்க்கூடு. கோயில் ரோட்டில் வேண்டிய மட்டும் கிடக்கிறது. கயிறு கட்டி வராந்தாக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

தண்ணீருக்குத்தான் பாடு. இங்கே குழாயில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு. பள்ளிக்கூடத்துச் சுத்திகரிப்பு மிஷின் ஒரு குழாயில் நல்ல தண்ணீரும் இன்னொன்றில் கழிவுத் தண்ணீரும் விடுகிறது. வீணாகிறதே என்று அந்தக் கழிவைத் தினமும் வாளியில் தூக்கிவந்து ஊற்றினேன். எல்லா இலைக்கும் ஓரம் கருகிவிட்டது. காரணம் தெரிந்தால் எழுதுங்கள்.

நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். காலையும் மாலையும் கசக்கி முகர்கிறேன். கை பிசுபிசுக்கிறது, அவ்வளவுதான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கழுதை கொடுத்துவைத்தது. அதற்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

ஹெல்மெட்டைப் பற்றி இனி எழுதாதீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஏதாவது வர வேண்டுமே என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு எழுந்து உலை வைத்தேன்.

இப்படிக்கு,
யுவராணி

சாயல்குடி
1-12-2024

அன்பு ராணிக்கு,

மழை ஓய்ந்து மிளகாய்க்குக் களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கையெல்லாம் கரிசல் மண். காகிதத்தில் கறை தெரிந்தால் அதுதான்.

அடிப்பாவி, மிஷின் கழித்துப் போடும் தண்ணீரில்தானே உப்பெல்லாம் சேர்ந்து நிற்கும்! நல்லதை நமக்குக் கொடுத்துவிட்டுக் கெட்டதை அந்தக் குழாயில் துப்புகிறது. நீ அதைச் செடிக்கு ஊட்டியிருக்கிறாய். உடனே நிறுத்து. உன் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் ஏசி இருக்கிறது என்றாயே, அதன் குழாயில் சொட்டுகிற தண்ணீரில் உப்பே இருக்காது. ஒரு வாளியை வைத்துவிடு. அரிசி களைந்த தண்ணீரையும் கீழே ஊற்றாதே.

உப்புக் காற்றுக்கு ஒரு வழி யோசித்தேன். இமானுவேல் அண்ணனிடம் கிழிந்த வலை கேள். நாலு மடிப்பாக மடித்துக் காற்று வரும் பக்கம் கம்பியில் கட்டிவிடு. வெளிச்சம் வரும், காற்றின் வேகம் தணியும். வெளியூர் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே என்று கவலைப்படாதே. பிளாஸ்டிக் பாட்டிலைக் குறுக்கே வெட்டு. வாய்ப்பக்கத்தைத் தலைகீழாக அடிப்பாதிக்குள் சொருகி அதில் செடியை நடு. வாய் வழியாக ஒரு பருத்திச் சேலைக் கிழிசலைத் திரி மாதிரி கீழே உள்ள தண்ணீருக்குள் விடு. செடி தனக்கு வேண்டியதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். நானே செய்து பார்த்தேன், பச்சிலை ஜோராக நிற்கிறது.

உனக்கு அனுப்பிய நாலையும் இங்கேயும் வைத்திருக்கிறேன். நீ முகரும் நேரத்தில் நானும் முகர்கிறேன். ஹமீது பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். “ஏலே காளி, ஊரு ஒலகத்துல பொண்டாட்டிக்கு நக அனுப்புவாக, நீ தழ அனுப்புற. ஆட்டுக்கு அனுப்புறதா நெனச்சுக்கிறப் போவுதுலே அந்தப் புள்ள” என்கிறான். சிரிக்கட்டும்.

கோபம் இல்லை என்று எழுதியிருந்தாய். நல்ல செய்திதானே என்று சந்தோஷப்படப் பார்த்தேன். முடியவில்லை. பொங்கலுக்கு வருவாய்தானே? கூப்பிட வரட்டுமா? பஸ்ஸில்தான்.

உன்,
காளிதாஸ்

தங்கச்சிமடம்
18-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலுக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். பை எல்லாம் கட்டிவைத்தேன். பஸ் நேரம் வந்தது, போனது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேறு காரணம் எதுவும் சொல்வதற்கு இல்லை.

ஏசித் தண்ணீர் பலித்தது. கற்பூரவல்லி ஐஸ்பெட்டியை மூடித் தொங்குகிறது. பச்சிலை பூத்துவிட்டது. வலையும் கட்டியாயிற்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என் வராந்தாவைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு சிரட்டையும் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். வகுப்பறை ஜன்னல் திட்டு முழுவதும் இப்போது வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும். உங்கள் திரி வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டு வாசலில் நுழைகிறவர்கள் எல்லாம் “என்ன வாசம்!” என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். சளி பிடித்த பிள்ளைக்கு இலை கேட்டு இந்தத் தெருவில் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். புதினா மட்டும் செத்துவிட்டது. அதற்கு இந்தக் காற்று ஆகவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹமீது அண்ணன் மூலம் தெரிந்தால் பதறுவீர்கள். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டார். “கேஸு நாத்தம் கீழ வரைக்கும் வருது, நீங்க பாட்டுக்கு ஒக்காந்திருக்கிய டீச்சர்! சுச்சு கிச்சப் போட்டிருந்தா என்னாகியிருக்கும்?” என்று அழுதார். அவர் கை அப்படி நடுங்கியது. நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு நடுக்கம் வரவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். கேஸைப் பற்றி இல்லை.

இப்படிக்கு,
யுவராணி

சாயல்குடி
16-2-2025

அன்பு ராணிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பினேன். கூப்பிடாமல் போய் நின்றால் நீ என்ன நினைப்பாயோ என்று ஒரு பயம். நீ ஒன்றுமே நினைக்காமல் “வாங்க, சாப்பிடுங்க” என்று சொல்லிவிடுவாயோ என்று அதைவிடப் பெரிய பயம்.

கேஸ் அடுப்பை எடுத்துக் கீழ்வீட்டில் கொடுத்துவிடு. கரண்ட் அடுப்பு ஒன்று ஹமீதின் வேனில் வருகிறது. மறுக்காதே. கேஸ் கசிந்தால் கத்துகிற சின்ன மிஷின் ஒன்று உண்டாம், அதையும் விசாரிக்கிறேன். நீ இங்கே இருந்திருந்தால் என் மூக்கு உனக்கு உதவியிருக்கும். வீட்டுக்கு ஒரு மூக்கு போதாதா? இது மட்டும்தான் நான் கேட்பது. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

புதினா செத்துவிட்டது என்றாயே. என்னிடம் இருந்ததையும் வெள்ளாடு மொட்டையடித்துவிட்டது. முதல் பறி மிளகாயை மண்டியில் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் ஒரு நர்சரிக் கடையில் புதினா இரண்டு தொட்டி வாங்கினேன். தளதளவென்று இருந்தது. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. மண்டியில் நின்றவனுக்கு அன்றைக்கு மிளகாய் நெடியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஊற்றுகிறது, ஒரே தும்மல். அந்தத் தும்மலோடுதான் உன் தொட்டியைக் கட்டி வேனில் ஏற்றினேன். காற்றுப்படாமல் வீட்டுக்குள்ளேயே ஜன்னலோரம் வை. காலை வெயில் போதும்.

முகர்வதை விட்டுவிடாதே. கலந்தாய்வு மனுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உன்,
காளிதாஸ்

தங்கச்சிமடம்
9-3-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி.

இன்று காலை நீங்கள் அனுப்பிய புதினாவைக் கிள்ளி முகர்ந்தேன். வாசனை வந்தது. லேசாகத்தான். கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவைத் திறந்தால் தூரத்திலிருந்து வருமே, அது போல. மாலையும் பார்த்தேன், வந்தது. மற்ற மூன்றும் இன்னும் வரவில்லை. போகப்போக வரும் என்று நினைக்கிறேன்.

அதனால் இனி நீங்கள் எதற்கும் வருத்தப்பட வேண்டாம். படுத்தால் கண்ணில் நிற்பதெல்லாம் இனி நிற்க வேண்டாம். செடியும் அனுப்ப வேண்டாம். கரண்ட் அடுப்பு வந்தது, நன்றாக எரிகிறது.

கலந்தாய்வு மனுவைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டேன். சாயல்குடிப் பக்கம் ஒரு இடம் காலியாகிறதாம். கிடைத்துவிடும் என்கிறார். சொன்னபடி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
யுவராணி

சாயல்குடி
20-4-2025

அன்பு ராணிக்கு,

இந்தக் கடிதம் ஏன் இவ்வளவு தாமதம் என்று நீ கேட்கவில்லை. கேட்க மாட்டாய் என்று தெரியும். நானே சொல்கிறேன்.

உன் செய்தி வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அப்படியே போட்டுவிட்டு ஹமீதிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ்! தழ ஜெயிச்சுருச்சுலே!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். அடுப்பங்கரைக்கு வெள்ளையடித்தேன். உன் அலமாரியைத் துடைத்தேன். உனக்குப் பலித்த இலையாயிற்றே என்று, இங்கே இருக்கும் தொட்டிப் புதினாவை அறுத்து அன்றைக்குத் துவையல் அரைத்தேன்.

வாயில் வைத்தால் புல்லை மென்ற மாதிரி இருந்தது. மிளகாய்ப் பறி தொடங்கியதிலிருந்து நான் முகர்வதை விட்டிருந்தேன். இப்போது இலையைக் கசக்கிப் பார்த்தேன், மணமே இல்லை. எனக்கும் மூக்கு போய்விட்டதோ என்று பயந்து கருவாட்டுப் பானையைத் திறந்தேன். அது குப்பென்று அடித்தது. மறுநாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்குப் போனேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். “அண்ணே, இது அழகுக்குத் தொங்கவிடுற செடிண்ணே. பாக்கத்தான் புதினா கணக்கா இருக்கும். இதுல ஏது வாசம்? பிரியாணியிலயா போட்டிய?” என்றார்.

உன்னிடம் இருப்பதும் அதே செடிதான் ராணி. மிளகாய் நெடி ஏறிய மூக்கோடு வாங்கியது என் முட்டாள்தனம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தெரியாத மாதிரி இருந்துவிட்டால் என்ன? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ வந்துவிடுவாய். உன் சமையல், உன் சத்தம், கட்டிலில் உன் பக்கம் எல்லாம் வந்துவிடும். பங்குனி முழுவதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். உன்னை எவ்வளவு ஆசையாக எதிர்பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாது. தெரிந்தால் வெட்கமாக இருக்கும்.

ஆனால் நீ வந்து, நான் “மணக்குதா?” என்று கேட்க, நீ “ஆமாம்” என்று சொல்ல, அப்படியே எத்தனை வருடம்? காலையும் மாலையும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நீ வாசனை சொல்ல வேண்டியிருக்கும். என் மனச்சுமையை இறக்கிவைக்க நீ அந்தப் பொய்யைத் தூக்கியிருக்கிறாய். அடிபட்டது உன் தலை. நான் உனக்குச் செடி அனுப்பிய மாதிரியே தெரியவில்லை இப்போது. பெட்டிக்குப் பெட்டி “மன்னித்துவிட்டாயா” என்று கேட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன்.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். எனக்காக வராதே.

காளிதாஸ்

தங்கச்சிமடம்
4-5-2025

அன்புள்ள மாமாவுக்கு,

மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். தலைமையாசிரியருக்கு எரிச்சல். ஏன் என்று கேட்டார். வீட்டில் ஒத்துவரவில்லை என்றேன். ஊருக்குப் புரிகிற காரணம் அது ஒன்றுதான்.

அந்தச் செடியில் வாசம் இல்லை என்பது எனக்கும் தெரியும். உங்களுக்கு எழுதிப்போட்ட மறுவாரமே கீழ்வீட்டு அக்கா சட்னிக்குக் கிள்ளப் போய், “என்ன டீச்சர், புதினா சப்புன்னு இருக்கு” என்றார். அப்போதே புரிந்துவிட்டது. நீங்களும் ஒருநாள் கண்டுபிடிப்பீர்கள் என்று நினைத்தேன். நான் உங்களிடம் அதைச் சொல்லவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கலாம் என்று இருந்தேன். நீங்களும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வந்திருப்பேன். வந்து, சமைத்து, வாசனை சொல்லி, அப்படியே இருந்திருப்பேன். யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

உங்கள் சுமையை இறக்கப் பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி அது. மீதி, எனக்கு அலுத்துவிட்டது. இல்லை, இல்லை என்று ஒருத்தி எத்தனை தடவைதான் எழுதுவாள்? ஆமாம் என்று எழுதினால் கடிதம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று எழுதினேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் அழவில்லை. அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் இரண்டாம் முறை படித்தேன். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே படித்தேன். கடைசியில் உங்கள் பெயருக்கு மேல் ‘உன்’ என்று போடாமல் விட்டிருந்தீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோடை விடுமுறைக்கும் இங்கேதான் இருப்பேன். வருகிற சனிக்கிழமை பஸ் ஏறி வாருங்கள். செடி, விதை, மிஷின் எதுவும் கொண்டுவராதீர்கள். மாற்றிக்கொள்ள ஒரு சட்டை போதும். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. நீங்களே சமைத்துப் போடுங்கள், உப்புக் காரம் சரியா என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை வருவதா வேண்டாமா என்பதை அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம். அதற்கு மேல் இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

யுவராணி